வாஷிங் மெஷின் எந்தப் படியில் நிற்கிறது?

"மெஷின் ஓடலை" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்குக்கும் ஒன்றும் புரியாது. தண்ணீரே ஏறாமல் நிற்கிறதா? ஏறிய பிறகு சுற்றாமல் நிற்கிறதா? துவைத்து முடித்து அழுக்குத் தண்ணீரோடு நிற்கிறதா? தண்ணீர் வடிந்தும் துணியைப் பிழியாமல் நிற்கிறதா? இந்த நாலில் எது என்று சொல்லத் தெரிந்தாலே, கழற்ற வேண்டிய பாகம் எது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மெஷின் செய்கிற வேலை வரிசையானது. வால்வைத் திறந்து தண்ணீர் எடுக்கும். மட்டம் வந்ததும் மூடும். மோட்டாரை இடமும் வலமுமாகச் சுற்றித் துவைக்கும். தண்ணீரை வெளியேற்றும். டிரம்மை வேகமாகச் சுழற்றிப் பிழியும். அலசல் என்பதும் இதே வரிசை இன்னொரு தடவை, அவ்வளவுதான். ஒரு படி முடிந்தது என்று தெரியாமல் போர்டு, அதாவது மெஷினை நடத்தும் மின்னணுப் பலகை, அடுத்த படிக்கு நகராது. ஆகவே மெஷின் எங்கே நிற்கிறதோ, அந்தப் படியில் வேலை செய்ய வேண்டிய பாகமோ, அந்தப் படி முடிந்ததைப் போர்டுக்குச் சொல்ல வேண்டிய பாகமோதான் சந்தேகத்துக்குரியது. "போர்டு போயிடுச்சு" என்ற தீர்ப்பை முதலில் சொல்கிறவர் இந்த வரிசையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். போர்டு போவதும் உண்டு. ஆனால் மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அதன் மேல் பழி போட வேண்டும்.

திரையில் வரும் எழுத்துகளும் இதைத்தான் சொல்கின்றன. எல்ஜி மெஷினில் ஐஇ என்றால் தண்ணீர் ஏறவில்லை, ஓஇ என்றால் வடியவில்லை, யூஇ என்றால் துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது, டிஇ என்றால் கதவு மூடவில்லை. சாம்சங்கில் 4இ அல்லது 4சி தண்ணீர் ஏறாததற்கு, 5இ அல்லது 5சி வடியாததற்கு. இவை எந்தப் படி தவறியது என்பதை மட்டுமே சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. ஓஇ வந்ததும் புது பம்ப் வாங்கிப் போட்டு, கடைசியில் குழாயிலிருந்து ஒரு ஹேர்பின் வெளியே வருவது புதிதல்ல.

கீழே சொல்வது முக்கியமாக டாப் லோடு ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷினுக்கு. ஃப்ரண்ட் லோடு மாறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறோம். வாரண்டி இன்னும் இருந்தால் திருகாணியைத் தொடாதீர்கள். வெளியே நின்று செய்யக்கூடிய சோதனைகளோடு நிறுத்திக்கொண்டு கம்பெனிக்கு போன் செய்யுங்கள்.

கை வைக்கும் முன்

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். பழைய வயரிங் உள்ள வீடுகளில் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் மாட்டியிருப்பது உண்டு. அங்கே சுவிட்சை அணைத்த பிறகும் மெஷினுக்குள் 230 வோல்ட் காத்திருக்கும். தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள். இன்வெர்ட்டர் வகை மெஷினின் (மோட்டார் வேகத்தைப் போர்டே கூட்டிக் குறைக்கும் வகை) போர்டிலும், மற்றவற்றின் மோட்டார் கப்பாசிட்டரிலும் (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் சிறு டப்பா) பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தேங்கி நிற்கும். பத்து நிமிடம் விட்டுவிட்டுத்தான் உள்ளே கை விட வேண்டும். அப்போதும் கப்பாசிட்டர் முனைகளை வெறும் விரலால் தொடக்கூடாது.

இந்தக் கட்டுரையில் சொல்லும் மல்டிமீட்டர் அளவுகள் எல்லாம் பிளக் வெளியே இருக்கும்போது, சம்பந்தப்பட்ட வயரைக் கழற்றிவிட்டு, ஓம் வைத்து (கப்பாசிட்டருக்கு மட்டும் மைக்ரோஃபாரட் வைத்து) பார்ப்பவை. மின்சாரம் ஓடும்போது அளப்பது பழகியவர் வேலை. கருவிகள் அதிகம் வேண்டாம்: ஸ்டார் திருப்புளி, 10 மி.மீ. ஸ்பானர், கொறடு, டார்ச், ஒரு வாளி, பழைய பல் பிரஷ், சாதாரண மல்டிமீட்டர். தகர ஓரங்கள் பிளேடு போல வெட்டும், கையுறை இருந்தால் நல்லது. வயரைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை துணி இல்லாமல். அலசல், பிழிதல் மட்டும் உள்ள நிரலைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர் மட்டத்தைக் குறைவாக வைத்து, பக்கத்தில் நின்று காதைக் கொடுங்கள். என்ன சத்தம் வந்தது, எது வர வேண்டிய இடத்தில் வரவில்லை என்று குறித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

விளக்கே எரியவில்லை

அதே பிளக் பாயிண்டில் மிக்ஸியைப் போட்டுப் பாருங்கள். மிக்ஸி ஓடினால் பாயிண்டில் பெரும்பாலும் குற்றமில்லை. மெஷின் பிளக்கின் பின்கள் கறுத்திருக்கிறதா, வயர் இளகியிருக்கிறதா பாருங்கள். அடுத்த சந்தேகம் எலி. டாப் லோடு மெஷினின் அடிப்பக்கம் பல மாடல்களில் திறந்தே இருக்கும். எலி உள்ளே புகுந்து வயரைக் கொறிப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். பின்பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்தாலே புழுக்கையும் கொறித்த வயரும் தெரிந்துவிடும்.

சுவிட்சைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் எங்கோ ஈரமோ கசிவோ இருக்கிறது. ஃப்ரண்ட் லோடு மெஷினில் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் சூடாகும் கட்டத்தில் விழுந்தால் ஹீட்டரைச் சந்தேகியுங்கள். 2,000 வாட் ஹீட்டர் என்றால் இரு முனைகளுக்கு இடையே சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். ஒரு முனைக்கும் எர்த்துக்கும் இடையே எதுவும் காட்டக்கூடாது. உப்புத் தண்ணீரில் ஹீட்டர் மேல் சுண்ணாம்பு படிந்து, உள்ளே சூடு அடைபட்டு, உறை வெடிப்பதுதான் வழக்கமான கதை. ஆர்.சி.சி.பி. விழுகிறதே என்று அதைத் தவிர்த்து வேறு லைனில் மெஷினை ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

தண்ணீர் ஏறவில்லை

அதிகமாக வரும் புகார் இது. அதிகமாகத் தவறான பாகம் மாற்றப்படுவதும் இதில்தான். முதலில் குழாயை மெஷினிலிருந்து கழற்றி வாளிக்குள் விட்டு ஒரு நிமிடம் திறந்து பாருங்கள். ஐந்தாறு லிட்டராவது விழ வேண்டும். அதற்கும் குறைவாக விழுந்தால் மெஷினைத் திறந்து பயனில்லை.

அழுத்தம் எங்கே தொலைகிறது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். தண்ணீரின் உயரம் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 0.1 பார் அழுத்தம் தரும். பெரும்பாலான மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை தேவை. மாடி வீட்டில் மெஷின். தலைக்கு மேலே மொட்டை மாடியில், தரையோடு தரையாக வைத்த தொட்டி. தளத்தின் உயரம் 3 மீட்டர், டாப் லோடு மெஷினின் வால்வு தரையிலிருந்து 1 மீட்டர். மிச்சம் 2 மீட்டர், அதாவது 0.2 பார். இதோடு தொட்டிக்குள் நிற்கும் தண்ணீரின் உயரம் மட்டுமே சேரும். தொட்டி நிறைந்திருக்கும்போது மெஷின் ஓடும், பாதியானதும் ஐஇ காட்டும். "காலையில ஓடுது, சாயங்காலம் ஓடலை" என்ற புகாரின் காரணம் பல நேரம் இதுதான். தொட்டியை மேடை கட்டி உயர்த்தலாம், சிறிய பிரஷர் பம்ப் வைக்கலாம், அல்லது மெஷினைக் கீழ்த்தளத்துக்கு இறக்கலாம். வால்வை மாற்றுவதால் அழுத்தம் கூடாது.

அழுத்தம் சரியாக இருந்தால் வடிகட்டியைப் பாருங்கள். குழாய் மெஷினில் சேரும் வாய்க்குள் சின்ன வலை இருக்கும். கொறடால் மெல்லப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் எடுக்கும் வீடுகளில் மணலும் துருவும் அதை அடைத்திருக்கும். பல் பிரஷால் தேய்த்துக் கழுவித் திரும்பப் போடுங்கள். சில குழாய்களில் சுவர்ப் பக்க முனையிலும் இதே போல வலை உண்டு. வலை கிழிந்துவிட்டது என்று அதை எடுத்தெறிந்துவிட்டு ஓட்டக்கூடாது. அடுத்து மணல் வால்வுக்குள் போகும்.

வால்வு என்பது ஒரு கம்பிச் சுருளும் அதன் கீழே ஒரு ரப்பர் சவ்வும். மின்சாரம் வந்ததும் சுருள் ஊசியைத் தூக்கும், தண்ணீரின் அழுத்தமே சவ்வைத் திறக்கும். மூடும்போதும் தண்ணீரின் அழுத்தம்தான் சவ்வை அழுத்தி மூட வைக்கிறது. இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, மெஷின் அணைந்திருக்கும்போதும் டிரம்மில் தண்ணீர் சொட்டிச் சேர்ந்தால் அது மின் கோளாறு அல்ல; சவ்வில் மணல் சிக்கியிருக்கிறது, அல்லது அழுத்தம் போதாமல் மூடவில்லை. இரண்டு, "ம்ம்" என்ற மெல்லிய சத்தம் வால்விலிருந்து வந்தும் தண்ணீர் வராவிட்டால் மின்சாரம் வருகிறது, அடைப்புதான் காரணம். சத்தமே இல்லையென்றால் சுருளை அளந்து பாருங்கள். 230 வோல்ட் வால்வு பெரும்பாலும் 3,000 முதல் 5,000 ஓம் வரை காட்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் சுருள் அறுந்துவிட்டது. வெந்நீர், தண்ணீர் என்று இரண்டு சுருள் உள்ள மாடலில் இரண்டையும் ஒப்பிட்டால் போதும், குற்றவாளி தெரிந்துவிடும்.

இதற்கு மீட்டரே வேண்டாத ஒரு சோதனையும் உண்டு. மெஷினை ஓடவிட்டு, டிரம்மில் வாளியால் தண்ணீர் ஊற்றுங்கள். மூடியைத் திறந்து வைத்தால் சில மாடல்கள் நின்றுவிடும். அப்படியானால் தொடங்கும் முன்பே ஊற்றிவிட்டு மூடுங்கள். தேவையான மட்டம் வந்ததும் மெஷின் துவைக்கத் தொடங்கினால் மட்டம் பார்க்கும் சென்சாரும் போர்டும் மோட்டாரும் நலம். குறை தண்ணீர் வரும் வழியில் மட்டுமே.

தண்ணீர் நிற்காமல் ஏறுகிறது, அல்லது ஏற ஏறப் போகிறது

மெஷின் தண்ணீர் மட்டத்தை அறிவது காற்றால். டிரம்மைச் சுற்றித் தண்ணீரைத் தாங்கும் வெளித்தொட்டியான டப்பின் அடியில் ஒரு சிறு அறை, அதிலிருந்து மேலே சென்சாருக்கு ஒரு மெல்லிய குழாய். தண்ணீர் ஏறும்போது குழாயில் அடைபட்ட காற்று அழுந்தும்; அந்த அழுத்தத்தை வைத்துச் சென்சார் மட்டத்தைக் கணிக்கும். குழாயில் ஊசித் துளை விழுந்தாலோ, முனை கழன்றாலோ காற்று போய்விடும். தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் மெஷினுக்குத் தெரியாது. அடியறையில் சோப்புச் சேறு அடைத்தாலோ, வடிந்த பிறகும் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொண்டு நிற்கும்.

குழாயைச் சென்சாரிலிருந்து கழற்றி, அதற்குள் மெல்ல ஊதி அடைப்பை எடுக்கலாம். சென்சாருக்குள் ஊதிவிடாதீர்கள். திரும்ப மாட்டும்போது டப் காலியாக இருக்க வேண்டும். தண்ணீர் இருக்கும்போது மாட்டினால் அந்த மட்டத்தையே சுழியம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த முறை அளவு தப்பும்.

தண்ணீர் ஒரு பக்கம் ஏற, மறு பக்கம் போய்க்கொண்டே இருந்தால் மெஷினை அணைத்துவிட்டு டிரம்மில் இரண்டு வாளி ஊற்றுங்கள். வெளிக்குழாயில் வடிந்தால், டாப் லோடு மெஷினில் டிரெயின் வால்வின் ரப்பர் மூடவில்லை. நூலோ பட்டனோ சில்லறையோ சிக்கியிருக்கும். பம்ப் உள்ள மெஷின் என்றால் வெளிக்குழாய் தரையில் கிடப்பதுதான் காரணம். அதைக் கையேடு சொல்லும் உயரத்துக்கு, ஃப்ரண்ட் லோடு மெஷினில் பெரும்பாலும் 60 முதல் 100 செ.மீ., தூக்கி மாட்ட வேண்டும். பம்ப் இல்லாத டாப் லோடுக்கு நேர் எதிர்: குழாய் தரையோடு போக வேண்டும், வழியில் வாசற்படி மேல் ஏற்றி இறக்கினால் வடியாது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் புகார்கள் ஏராளம்.

உறுமுகிறது, சுற்றவில்லை

தண்ணீர் ஏறிவிட்டது, மோட்டார் உறுமுகிறது, டிரம்மின் அடியில் துணியைச் சுழற்றும் தட்டான பல்சேட்டர் அசையவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பல்சேட்டரைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் அதன் நடு மூடியைத் தூக்கி, போல்ட்டைக் கழற்றி, பல்சேட்டரை மேலே எடுங்கள். ஊக்கு, நாணயம், பிராவின் கம்பி என்று ஒரு சின்னப் பொருட்காட்சியே கிடைக்கும். எளிதாகச் சுற்றினால் சந்தேகம் கப்பாசிட்டர் மேல் போகும். சாதாரண ஏ.சி. மோட்டாருக்குச் சுற்றத் தொடங்க அது தரும் தள்ளுதல் வேண்டும். அது பலவீனமானால் காலியாக ஓடும், துணி போட்டால் உறுமும். உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம். அளப்பதானால் முதலில் 10,000 ஓம் ரெசிஸ்டரை உறையிட்ட கொறடால் பிடித்து இரு முனைகளிலும் சில நொடிகள் வைத்து வடியவிட வேண்டும். மேலே அச்சடித்த மைக்ரோஃபாரடில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்றுங்கள். புதியது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல். "கொஞ்சம் பெருசு போட்டா நல்லா இழுக்கும்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். மோட்டார் காயில் சூடாகிக் கருகும்.

மோட்டார் நன்றாகச் சுற்றும் சத்தம் வருகிறது, துணி மட்டும் அசையவில்லை என்றால் பெல்ட் வழுக்குகிறது அல்லது பல்சேட்டரின் உள்பல் தேய்ந்துவிட்டது. ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட். பல் தேய்ந்ததற்கு வாடை இருக்காது. தண்ணீர் குறைவாக இருந்தால் சுற்றும், நிறையத் துணி போட்டால் நழுவும். பழைய ஃப்ரண்ட் லோடு மெஷினில் மோட்டார் உறுமக்கூட இல்லையென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அது பென்சில் போலத் தேய்ந்து தீரும் பாகம், இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். டைரக்ட் டிரைவ் இன்வெர்ட்டர் மெஷினில் பெல்ட்டும் இல்லை, பிரஷ்ஷும் இல்லை. அங்கே இந்தப் படியில் கோளாறு என்றால் வீட்டில் செய்ய அதிகமில்லை.

அரை மணி ஓடி நின்று, ஆறிய பிறகு மறுபடி ஓடினால் மோட்டாரின் வெப்பப் பாதுகாப்பு வேலை செய்கிறது. அதைக் குறை சொல்லாமல், எதனால் சூடாகிறது என்று தேடுங்கள்: அளவுக்கு மீறிய துணி, பலவீனமான கப்பாசிட்டர், குறைந்த மின்னழுத்தம்.

வடியவில்லை, பிழியவில்லை

"ஸ்பின் ஆகலை" என்று வரும் புகாரில் பெரும்பாலும் ஸ்பின் கெட்டிருக்காது. டப்பில் தண்ணீர் இருக்கும் வரை போர்டு பிழிய விடாது. ஆகவே முதல் கேள்வி: நின்றபோது உள்ளே தண்ணீர் இருந்ததா?

இருந்தால் வடிகாலைப் பாருங்கள். ஃப்ரண்ட் லோடு மெஷினில் முன்பக்கம் கீழே சிறு கதவுக்குள் வடிகட்டி. பக்கத்தில் உள்ள மெல்லிய குழாயால் தட்டில் தண்ணீரை வடித்த பிறகுதான் அதைத் திருக வேண்டும், இல்லாவிட்டால் சமையலறை குளமாகும். சூடான தண்ணீரில் ஓடிய உடனே திறக்காதீர்கள். வடிகட்டியை எடுத்த பள்ளத்துக்குள் பம்பின் இறக்கை தெரியும். குச்சியால் சுற்றினால் விட்டுவிட்டு இழுப்பது போலச் சுற்றும். அது உள்ளே இருக்கும் காந்தத்தால், பழுது அல்ல. தடையே இல்லாமல் தளர்வாகச் சுற்றினால்தான் இறக்கை அச்சிலிருந்து உடைந்திருக்கும். பம்ப் சுருள் 100 முதல் 200 ஓம் வரை காட்டுவது வழக்கம்.

பம்ப் இல்லாத டாப் லோடில் டிரெயின் மோட்டார் ஒரு கம்பியை இழுத்து வால்வைத் திறக்கிறது. அதே இழுப்புதான் கிளட்ச்சையும் துவைக்கும் நிலையிலிருந்து பிழியும் நிலைக்கு மாற்றுகிறது. ஆகவே வடியவும் இல்லை, பிழியவும் இல்லை என்றால் இரண்டு பழுது அல்ல, ஒரே மோட்டார். தண்ணீர் வடிந்து, பிழியும் நேரத்தில் பல்சேட்டர் மட்டும் சுற்றி டிரம் சுற்றாவிட்டால் கம்பி முழுசாக இழுபடவில்லை, அல்லது கிளட்ச் தேய்ந்துவிட்டது.

தண்ணீர் வடிந்துவிட்டது, வேறு சத்தமும் இல்லை என்றால் மூடி சுவிட்ச், ஃப்ரண்ட் லோடில் கதவுப் பூட்டு. சுழலத் தொடங்கி, தட்டிவிட்டு, நின்று, மறுபடி தண்ணீர் எடுத்தால் பாரம் ஒரு பக்கமாகிவிட்டது. ஒற்றை ஜமுக்காளம், ஒற்றைக் கால்மிதி போட்டால் இப்படித்தான் ஆகும். கூட இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்துப் போடுங்கள். ரெயின்கோட், மெத்தையின் வாட்டர்ப்ரூஃப் உறை இரண்டையும் ஸ்பின்னில் போடவே கூடாது. தண்ணீரைப் பைபோலப் பிடித்துவைத்து வேகத்தில் திடீரென்று விடும், மெஷின் பிய்ந்துவிடும்.

எல்லாத் துணிக்கும் ஆடினால் கால்களைச் சரிபாருங்கள். எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்தினால் மெஷின் அசையக்கூடாது. சக்கரம் வைத்த ஸ்டாண்டு விற்கிறார்களே, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் ஃப்ரண்ட் லோடை அதன் மேல் ஏற்றுவது எங்களுக்குச் சம்மதமில்லை. டாப் லோடில் டப்பைக் கையால் அழுத்தி விடுங்கள். ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டும். ஊஞ்சல் போட்டால் டப்பைத் தாங்கும் சஸ்பென்ஷன் ராடு போய்விட்டது, நாலையும் சேர்த்து மாற்றுங்கள். புதிதாக இறக்கிய ஃப்ரண்ட் லோடு அறையில் நடக்கிறது என்றால் வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் பிடிக்கப் பின்னால் போட்ட பயண போல்ட்டைக் கழற்ற மறந்திருக்கிறார்கள்.

பிழியும்போது விமானம் கிளம்புவது போல இரைச்சல் வந்து, ஃப்ரண்ட் லோடு டிரம்மின் விளிம்பை மேலே தூக்கினால் லொடலொடவென்றால் பேரிங். டப்பை முழுக்க இறக்க வேண்டிய வேலை அது, சில மாடல்களில் டப்பையே பிரிக்க முடியாது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆனால் தள்ளிப்போடாதீர்கள்; பேரிங்குக்கு முன்னால் உள்ள ரப்பர் சீல்தான் முதலில் கசிந்தது, தண்ணீர் தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

செமி ஆட்டோமேட்டிக்கில் போர்டு இல்லை, டைமர்தான். பிழியும் பக்கம் சுற்றாவிட்டால் மூடியைச் சாத்தி, மின்சாரம் இல்லாமல், அடியிலிருந்து டிரம்மைச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பிரேக் விடவில்லை. பிரேக் கம்பி தளர்ந்திருக்கும், இழுத்துக் கட்டினால் சரியாகும்.

சோப்பும் உப்பும்

பவுடர் அதிகம் போட்டால் துணி வெளுக்காது, நுரைதான் வரும். நுரை பம்பை வெறும் காற்றில் ஓடவைக்கும், மட்டம் பார்க்கும் சென்சாரை ஏமாற்றும். கையால் துவைக்கும் பவுடரை ஃப்ரண்ட் லோடில் போடவே வேண்டாம். உப்புத் தண்ணீர் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, துணி இல்லாமல், 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு, ஃப்ரண்ட் லோடில் 60 டிகிரியில் ஒரு சுற்று ஓட்டுங்கள். ஹீட்டர் இல்லாத டாப் லோடில் இளஞ்சூட்டு நீரை ஊற்றிக் கலக்கிவிட்டு அரை மணி ஊறவிட்டு வடிக்கலாம். இதோடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ சேர்க்கக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் மெஷினுக்கு அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்து, துணி இல்லாமல் ஒரு சுற்று ஓட்டுங்கள். தண்ணீர் ஏறும்போதே தாளின் பின்பக்கம் நனைந்தால் வால்வு இணைப்பு அல்லது குழாய் வாஷர். நிறைந்து நிற்கும்போது நடுவில் நனைந்தால் டப்பின் அடிச் சீல். வடியும்போது மட்டும் நனைந்தால் பம்பின் குழாய்க் கிளிப். தாள் காய்ந்தே இருந்தால் பின்மூடியையும், அடியில் எலி புகாமல் தடுக்கும் கம்பி வலையையும் திருகிவிட்டுத் துணியைப் போடலாம்.